கவுஞ்சியில் நீங்கள் காலமான விவரம்

பூண்டி, கொடைக்கானல் மேல்மலை
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் குழந்தைவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் மலைச்சாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் சோலையம்மாளும் பூம்பாறை குழந்தை வேலப்பர் புண்ணியத்தில் நலம். அங்கு சீமையில் நீங்களும் மகள் தமிழ்மதியும் மருமகனும் நலமாக இருப்பதை அறிய ஆவல். வழக்கமாக இந்த வரியைக் கை போன போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை அப்படி இல்லை மச்சான். நீங்கள் நலமாக இருப்பதை நிஜமாகவே அறிய ஆவல். ஏனென்றால் போன புதன்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை நீங்கள் இந்த மேல்மலையில் உயிரோடு இல்லை.

பதற வேண்டாம். அன்றைக்கு சாயங்காலம் நீங்கள் போனில் கூப்பிட்டு, "என்ன மாப்ளே, ஆளாளுக்குக் கூப்பிட்டிருக்கீங்க, வீட்ல வேற ஒரே சத்தமா இருக்கு" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மச்சான், சும்மா நாலு பேர் வந்திருக்காக" என்று சொன்னேன். அது பொய். அந்தச் சத்தம் உங்களுக்காக அழுத சத்தம். விவரமாகச் சொல்வதற்குள் டவர் போய்விட்டது. போனது போனதுதான், மழை விட்டால்தான் வரும் என்கிறார்கள். அதற்குள் யாராவது உங்களுக்கு அரைகுறையாகச் சொல்லி நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான் பழையபடி பேனாவை எடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான், மரியாதையோடுதான் சொல்கிறேன். போன மாதம் எழுதிய கடிதத்தில், வெள்ளனே எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போய்வருவதாகவும், கல்லால் கட்டிய வீடுகள், எழுநூறு வருஷத்து சர்ச், குளத்தில் வாத்து, வாசலில் ரோஜா என்று பார்த்துக்கொண்டே மெதுவாக மிதிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தில் சொல்லிக்கொடுத்த முறை என்று எனக்கும் போதித்தீர்கள். தனியாகப் போகணும். அவசரப்படக் கூடாது. சோலி எதுவும் இருக்கக் கூடாது. யார் வீட்டுக்குள்ளும் போகாமல் தெருவிலேயே நின்று பழைய வீடுகளைக் கண்குளிரப் பார்க்கணும். எதிரில் வருகிறவர்களுக்கு லேசாகத் தலையசைத்தால் போதும், பேச வேண்டியதில்லை. "இப்படி ஒரு தடவ நம்ம மலையில போய்ப் பாருங்க மாப்ளே, மனசு லேசாயிரும்" என்று எழுதியிருந்தீர்கள். போனேன். யார் மனசும் லேசாகவில்லை.

அந்தக் கடிதத்தின் அடியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். மகாதேவி என்னைத் தனியா விட்டுட்டுப் போய்ச் சேந்தபிறகு அங்கே எனக்கு என்ன இருக்கு மாப்ளே, எல்லாரும் மறந்திருப்பாங்க, யார் என்னைத் தேடப்போறாங்க, தமிழ்மதி சொல்றபடி இங்கேயே இருந்துடலாம்னு பாக்குறேன் என்று. சோலையம்மாள் அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோறு திங்கவில்லை. "எங்கண்ணன் இனி வரமாட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மகள் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறாள், அப்பன் இருக்கிறார். குறுக்கே பேச நான் யார். ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. சரி, அப்படி அந்த சைக்கிளில் என்னதான் இருக்கிறது, நாமும் ஏறிப் பார்ப்போம் என்று புதன்கிழமை கிளம்பிவிட்டேன்.

என் சைக்கிள் பூண்டு காயப்போடுகிற பரணுக்கு அடியில் சாக்குகளுக்குள் புதைந்து கெடக்கு. அதை இழுத்தால் பரணே இறங்கிவிடும். அதனால் உங்கள் வீட்டைத் திறந்து உங்கள் பச்சை ராலே சைக்கிளை எடுத்தேன். துடைத்து எண்ணெய் போட்டுக் காற்றடித்தால் மணிகூடப் பழைய மாதிரியே அடிக்கிறது. போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமே என்று வெள்ளை வேட்டி கட்டினேன். பனி இறங்குகிறது என்று சோலையம்மாள் தலையில் துண்டைப் போட்டுவிட்டாள். "இந்தக் காலங்காத்தால எங்க போறீக?" என்றாள். "சும்மாதான்" என்றேன். "சும்மான்னா?" "சும்மா அப்படியே கவுஞ்சி, மன்னவனூர்னு பாத்துட்டு வாரேன்." "அந்த ஊர்கள நீங்க பாத்ததே இல்லையா?" என்று கேட்டாள். உங்கள் தங்கைக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் விளங்காது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் இறக்கம் வரைக்கும் நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. பனிக்குள்ளே படிப்படியாகப் பூண்டுத் தோட்டம், கேரட் தோட்டம், எங்கேயோ ஒரு மாட்டு மணி, சைக்கிள் செயின் போடுகிற சத்தம். இந்த வழியில் நான் ஜீப்பிலும் பஸ்ஸிலும் போய்ப் போய் எத்தனையோ வருஷமாக முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். நாம் தண்ணி குடிக்கிற அந்த ஓடை அப்படியே இருக்கிறது மச்சான். அதன் பக்கத்தில் இருந்த பேரிக்காய் மரத்தைத்தான் காணோம், அந்த இடத்தில் ஏதோ ரிசார்ட்டின் போர்டு நிற்கிறது. எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் நீங்கள் மிதித்து வருகிற மாதிரி ரெண்டு தடவை திரும்பிக்கூடப் பார்த்தேன். அப்புறம் ஏற்றம் வந்தது. ஏற்றத்தில் ஞாபகமெல்லாம் வராது, மூச்சுத்தான் வரும், அதுவும் சரியாக வராது. தள்ளிக்கொண்டே கவுஞ்சிக்குள் நுழைந்தேன்.

நுழைந்ததும் மகாதேவியின் தங்கச்சி, உங்கள் கொழுந்தியாள் பாண்டிச்செல்வி வீடு. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் சொன்ன முறைப்படி வீட்டுக்குள் போகாமல் வேலியோரம் நின்றேன். லேசாகத் தலையசைத்தேன். அவள் கோலப்பொடியோடு எழுந்தாள். "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். "காப்பித் தண்ணியாவது குடிங்க." அதுவும் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வாய் திறந்து சொல்லலாம் என்றால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், தலையில் கிடந்த துண்டைப் பார்த்தாள், கடைசியாகச் சைக்கிளைப் பார்த்தாள். அது யாருடைய பச்சை சைக்கிள் என்று இந்த மேல்மலையில் தெரியாதவர்கள் யார். "அய்யோ, எங்க மச்சான் போயிட்டாரே" என்று கத்திக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது, எனக்குத்தான் அந்த நேரத்தில் மறந்து தொலைந்தது. அந்தக் காலத்தில் பூண்டியில் சைக்கிள் இருந்ததே நம்ம ரெண்டு வீட்டில்தான். ஒரு சாவு, துட்டி சொல்லணும் என்றால் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஊர்களைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாக விடிவதற்குள் கிளம்புவோம். துட்டி சொல்லப் போகிறவன் தனியாகத்தான் போகணும், வீட்டுக்குள் ஏறக் கூடாது, பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, தெருவிலேயே தலைகுனிந்து நிற்கணும், அவர்களாகக் கேட்கிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. கல்யாணம், சடங்கு மாதிரி நல்ல சேதி என்றால்தான் ரெண்டு பேரும் ஜோடியாகப் போவோம். ரெண்டு சைக்கிள் சேர்ந்து வந்தால் தூரத்திலேயே பார்த்துவிட்டு அடுப்பில் காப்பிப் பானையை ஏற்றிவிடுவார்கள். இப்போது நினைத்துப் பாருங்கள். உங்கள் சங்கத்துக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்களே ஒரு முறை, அது நம்ம ஊரில் துட்டி சொல்கிற முறைதான், ஒரு வரி மாறவில்லை.

மூச்சு வந்ததும், "ஏத்தா, யாருக்கும் ஒண்ணுமில்ல, மச்சான் நல்லாத்தான் இருக்காரு" என்றேன். இது இன்னும் மோசமாகப் போய்விட்டது. எடுத்த எடுப்பில் செத்துப்போனார் என்று எவன் சொல்வான். எத்தனை வீட்டில் நாமே "லேசா ஒடம்பு முடியல, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருப்போம். "பாவம், அண்ணன் சொல்ல மனசு வராம மறைக்கிறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். தெருவே கூடிவிட்டது. போனைப் போட்டுப் பாருங்கள் என்றேன். உங்கள் நம்பருக்குப் போட்டார்கள், எடுக்கவில்லை. அந்த ஊரில் அப்போது நடுச்சாமம், நீங்கள் போனின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குகிற ஆள் என்று இவர்களுக்கு யார் சொல்வது. தமிழ்மதிக்குப் போட்டார்கள், அவளும் எடுக்கவில்லை. "தமிழ்மதி இந்நேரம் ஆஸ்பத்திரியில இருப்பா" என்று நான் சொன்னேன். அவள் அங்கே நர்ஸ் வேலைக்குத்தான் போயிருப்பாள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அதோடு எல்லாருக்கும் ஊர்ஜிதமாகிவிட்டது.

பாண்டிச்செல்வி அழுதாளே, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு மூத்தவன் பிறக்கிற நேரத்தில் பாலம் உடைந்து ஜீப் வராமல் கிடந்தபோது, நீங்கள் இதே சைக்கிள் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்து மன்னவனூர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனீர்களாம். வழியெல்லாம் அவள் உங்களைத் திட்டிக்கொண்டே போனாளாம், நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லையாம். "அந்தக் கேரியரத் தொட்டுக்கிறேண்ணே" என்று வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இது எனக்கே தெரியாது மச்சான், ஒரு நாளும் நீங்கள் சொன்னதில்லை. அப்புறம் ஒருத்தர், நீங்கள் அவர் கல்யாணத்துக்குப் பந்தக்கால் தூக்கினதைச் சொன்னார். இன்னொருத்தர், நீங்கள் அவரை அடித்ததைச் சொல்லி, அடித்துவிட்டு மறுநாள் பேரிக்காய் கொண்டுவந்து கொடுத்ததையும் சொல்லி அழுதார். கேட்கக் கேட்க எனக்கும் தாங்கவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று அந்தக் கூட்டத்திலே தெரிந்த ஒரே ஆள் நான். நானும் அழுதேன். நடுவில் ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, சோலையம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சுதாரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்து மன்னவனூர்ப் பக்கம் மிதித்தேன். அங்கே போய் ஒரு டீ குடித்தால் புத்தி தெளியும் என்று பார்த்தேன். வழியில் டூரிஸ்ட் பையன்கள் காரை நிறுத்தி, "அங்கிள், வின்டேஜ் சைக்கிள், ஒரே ஒரு ஸ்டில்" என்று என்னைச் சைக்கிளோடு நிறுத்தி எடுத்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை, "சூப்பர் அங்கிள், அப்படியே இருங்க" என்று அதையும் எடுத்தார்கள். மன்னவனூர் போய்ச் சேர்ந்தால் எனக்கு முன்னால் போன் போய்ச் சேர்ந்திருக்கிறது. டீக்கடை சண்முகவள்ளி பாதிக் கதவைச் சாத்திவிட்டாள். பெஞ்சில் ஆள் இல்லாத இடத்தில் ஒரு கிளாஸ் டீ ஆவி பறக்க இருக்கிறது. "யாருக்கு இது?" என்றேன். "அவருக்குத்தாண்ணே. இன்னொரு ஆத்து ஆத்துங்கம்பாரு. நல்லா ஆத்தி வச்சிருக்கேன்" என்றாள். நீங்கள் இந்த ஊரை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. அந்தக் கடையில் வாராவாரம் டீ குடிக்கிற எனக்கு எத்தனை கரண்டி சீனி என்று அவளுக்கு இன்னும் தெரியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, அந்த டீயை எடுத்து நானே குடித்தேன். அதற்கும் அவள், "பாவம், துக்கத்துல என்ன செய்றோம்னே தெரியல" என்று சொன்னாள்.

அதற்குள் பாண்டிச்செல்வி ஜீப் பிடித்துக் கூட்டத்தோடு வந்துவிட்டாள். "அண்ணே, இந்த நெலமையில நீங்க மிதிக்கக் கூடாது" என்று என்னை உள்ளே தள்ளி, சைக்கிளை மேலே கட்டினார்கள். பின்னால் பொம்பளைகளுக்கு நடுவில் என்னை அமுக்கிவைத்ததில் வெளியே என் தலைகூடத் தெரியாது. பூண்டியில் வாசலில் பூண்டுத் தாளை அரிந்துகொண்டிருந்த சோலையம்மாள், ஜீப் வருவதைப் பார்க்கிறாள், மேலே சைக்கிள் மட்டும் வருகிறது, உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறது, சைக்கிளில் போன புருஷனைக் காணோம். அரிவாளைப் போட்டுவிட்டு, "பாத்துப் போங்கன்னு சொன்னேனே" என்று அலறிவிட்டாள். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு இறங்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இருக்கீகளா? அப்ப யாருக்கு?" என்றாள். பாண்டிச்செல்வி போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் சோலையம்மாள் சத்தம் போடவில்லை மச்சான். "எங்கண்ணன் வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று நான் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த ஒரு நாள் நான் சொன்னது எடுபடவில்லை.

சாயங்காலம்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். விடிந்ததும் போனை வீட்டிலேயே போட்டுவிட்டு சைக்கிளில் போய், வாத்துக் குளத்துக்குப் பக்கத்தில் பன்னும் டீயும் சாப்பிட்டதாகச் சொன்னீர்கள். ஸ்பீக்கரில் அந்த வாத்து விவரத்தைத்தான் வீடு நிறைய ஆட்கள் மூச்சு விடாமல் கேட்டார்கள். பாண்டிச்செல்விதான் போனைப் பிடுங்கி, "உசுரோட இருக்குற ஆளுக்குப் போன எடுக்கத் தெரியாதா மச்சான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறுபடி அழுதாள். உங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சோலையம்மாள் போனை வாங்கவே இல்லை. அடுப்படிக்குள் போய், காலையிலிருந்து பற்ற வைக்காத அடுப்பைப் பற்ற வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே அழுது முடித்துவிட்டு வந்து, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டாள்.

பிரச்சினை அப்போதும் தீரவில்லை. துட்டிக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குள் போக வேண்டும். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அழுதால் குளிக்கணுமா, வேண்டாமா என்று பெரிய பேச்சாகிவிட்டது. ஆவணி மாதத்துப் பூண்டிக் குளிர் உங்களுக்குத் தெரியும். ஆளே சாகவில்லை, எதுக்குக் குளிக்கணும் என்று ஆம்பளைகள். கண்ணீர் விட்டாச்சுல்ல, குளிச்சுத்தான் ஆகணும் என்று பொம்பளைகள். கடைசியில் வெந்நீர் போட்டு எல்லாரும் தலைக்கு ஊற்றினார்கள். எங்கள் விறகு அவ்வளவும் அதற்கே போய்விட்டது. நீங்கள் அங்கே வெயிலில் சைக்கிள் மிதித்ததற்கு இங்கே ஒரு ஜீப் நிறைய ஆட்களுக்குச் சளி பிடித்திருக்கிறது.

ஆகவே மச்சான், என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளைக் கழுவித் துடைத்து உங்கள் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன், இனி இந்த ஜென்மத்தில் தொடமாட்டேன். நீங்களும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் மகளோடு அங்கேயே நிம்மதியாக இருங்கள். இங்கே ரோடு சரியில்லை, காட்டுமாடு தோட்டத்துக்குள் வருகிறது, எனக்கு மூட்டு வலி, உங்களுக்கும் இருக்கும். யார் என்னைத் தேடப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுத வேண்டுமே என்றுதான் இவ்வளவும் எழுதினேன். வாங்க என்று நான் சொல்லவே இல்லை, ஒரு இடத்திலும் சொல்லவில்லை, வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

தமிழ்மதிக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். குழந்தை வேலப்பர் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுசைக் கொடுக்க வேண்டும். இதையும் இந்தத் தடவை நிஜமாகவே வேண்டி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
பூ. மலைச்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். உயிரோடு இருக்கிறவருக்கு அழுதுவிட்டால், அவரே நேரில் வந்து அழுத வீடு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் காப்பி குடித்தால்தான் அந்த வீட்டை விட்டு அழுகை போகும் என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. எவ்வளவு பழசு என்றால், நேற்று மத்தியானம் பாண்டிச்செல்வி வந்திருந்தபோது நான் சொன்னதுதான். அவள் நம்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் கவுஞ்சியும் மன்னவனூரும் நம்பிவிட்டன. இன்று காலை சோலையம்மாளே, "அப்படி ஒரு வழக்கம் உண்டு, எங்க அப்பத்தாகூடச் சொல்லியிருக்கு" என்கிறாள். தை மாதம் நீங்கள் வருவதாக எல்லா வீட்டிலும் முடிவாகிவிட்டது, இனி நான் ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்மதியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவளையும் கூட்டி வாருங்கள். பரணைக் காலையில் பிரித்துவிட்டேன். என் சைக்கிளும் வெளியே வந்துவிட்டது, செயினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். என்னால் இனி இந்த மலையில் தனியாக ஒரு டீ குடிக்கக்கூடச் சைக்கிளில் போக முடியாது மச்சான், பார்க்கிற வீட்டிலெல்லாம் அழுகிறார்கள். நீங்கள் வாருங்கள், ஜோடியாகப் போவோம். தூரத்தில் பார்த்ததுமே காப்பிப் பானையை ஏற்றிவிடுவார்கள்.